பின் சீட்டுக்குப் போட்ட தளம்

ஒன்பதாயிரத்து முன்னூற்று ஐம்பது. என் மச்சினனுக்கு நான் தர வேண்டியிருந்த தொகை இது. சீட்டின் பஞ்சையும் மேல்துணியையும் மாற்ற ஆறாயிரத்து எண்ணூறு, ஒரு நாள் வாடகை போனதற்கு இரண்டாயிரம், வண்டியின் உள்பக்கத்தைக் கழுவ ஐந்நூற்று ஐம்பது. கோடு போட்ட நோட்டில் நானே எழுதி, நானே கூட்டி, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். நாற்பத்தேழு வயதில் எழுதக் கற்றவன் நான். அந்த எழுத்துக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை கடன் எழுதுவதாகப் போயிற்று.

கடன் வந்தது மேஸ்திரியால். மேஸ்திரி என்றால் மனிதர் இல்லை, எங்கள் நாய். அடுக்கு மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அங்கே காலையில் நாங்கள் கலவை போட ஆரம்பித்ததும் ஒவ்வொரு தளமாக ஏறி, ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மணல் குவியலின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்வாள். நிஜ மேஸ்திரிகூட அவ்வளவு கண்ணும் கருத்துமாக இருந்ததில்லை. அவள் பின்னாலேயே, அவள் வாலைப் பிடித்துக்கொண்டு திரிவது போல, ஒரு குட்டைக் கறுப்பு நாய். அவனுக்குச் சித்தாள் என்று பெயர். கட்டடம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது இந்த இரண்டு பேருக்கு மட்டும் அடுத்த வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

"சம்பளம் வாங்கிட்டு வாங்கன்னா ஆள் கூட்டிட்டு வர்றீங்க," என்றாள் என் மனைவி. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் மேஸ்திரி அவள் புடவைத் தலைப்பின்மேல் படுத்துத் தூங்கினாள். தலைப்பை இழுக்க மனசு வராமல் என் மனைவி ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதோடு சரி.

ஐந்து வருடம் கழித்து மேஸ்திரியின் பின்னங்காலுக்கு மேல் ஒரு கட்டி வந்தது. எலுமிச்சை அளவு இருந்தது கைமுட்டி அளவானது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் அழுத்திப் பார்த்தார், ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்.

"ஆறு ஊசி. வாரத்துக்கு ஒண்ணு. ஒரு நாள் ரெண்டு நாள் முன்னப் பின்ன ஆகலாம். பத்து நாளத் தாண்டிடக் கூடாது. தாண்டினா திரும்ப முதல்லேர்ந்து போடணும். அதை இந்த உடம்பு தாங்காது, பெரியவரே."

ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து பதினோரு கிலோமீட்டர். மச்சினனிடம்தான் பிக்கப் வண்டி இருந்தது. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் உட்காரும் அறை, அதற்கும் பின்னால் திறந்த தொட்டி. வங்கிக் கடனில் வாங்கியது. செல்போன் டவர் பழுது பார்க்கும் ஆட்களையும் அவர்களுடைய சோதனைப் பெட்டிகளையும் ஏற்றிப் போவது அவன் பிழைப்பு. வண்டியை அவன் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால், கல்யாணம் ஆகாததன் காரணம் விளங்கிவிடும் என்பாள் என் மனைவி.

தொட்டியில் நாய்களை ஏற்ற முடியாது. தகரம் வெயிலில் தோசைக்கல் மாதிரி சுடும். போதாக்குறைக்குச் சித்தாள் ஒருமுறை ஓடுகிற லாரியிலிருந்து ஒரு வெள்ளாட்டைப் பார்த்துக் குதித்தவன். சித்தாளை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அவன் இல்லாமல் மேஸ்திரி வாசலைத் தாண்ட மாட்டாள். ஆகவே பின் சீட்டு.

முதல் வாரம் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு ஏற்றினோம். முதல் திருப்பத்திலேயே விரிப்பு சுருண்டு ஒரு மூலைக்குப் போய்விட்டது. மேஸ்திரி வழுக்கி, கால் வைக்கும் பள்ளத்தில் விழுந்து, நகத்தால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மச்சினன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினான். பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

"மாமா, அடுத்த வாரம் கெட்டியா ஏதாச்சும் போட்டு ஏத்துங்க. சீட்டு போனா எனக்குச் சோறு போச்சு."

"நீ கவலைய விடு மாப்ள. அடுத்த வாரம் பாரு, குண்டு போட்டாலும் தாங்கும்."

அங்கேதான் வந்தது வினை. எனக்குக் கெட்டி என்றால் என்ன தெரியும்? வேலையிடத்தில் கிடந்த காலி சிமெண்ட் சாக்குகளில் எட்டு எடுத்து, சுவரில் நாலு அடி அடித்து உதறி, கோணி ஊசியால் ஒன்றோடொன்று தைத்து, சீட்டுக்கு அளவாக ஓர் உறை செய்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாக்கின்மேல் அச்சடித்த யானைப் படம் சரியாக நடுவில் வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டாம் ஊசி நாளன்று மழை. நாய்கள் நனைந்தபடி ஏறின. ஊசி போட்டுத் திரும்பும்போது மேஸ்திரிக்குக் குமட்டல், வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக. பாதி வழியில் அவளுக்கு மூத்திரமும் நிற்கவில்லை. பாவம், வெட்கப்பட்டு முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பரவால்ல, கீழதான் சாக்கு இருக்கே," என்று நான் தைரியம் சொன்னேன். மழை விட்டபின் சாயந்திரம் வரை வண்டி வெயிலில் நின்றது. சாக்கை எடுக்க மறந்துபோனேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மச்சினன் போன் செய்தான். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மாமா, ஒரு சந்தேகம். சீட்டுக்குத் தினம் எத்தனை வேளை தண்ணி ஊத்தணும்? பத்து நாள் போதுமா, இருபத்தோரு நாள் வேணுமா?"

ஓடினேன். சாக்கின் இழைகளுக்குள் ஒளிந்திருந்த சிமெண்ட் தூளை எல்லா ஈரமும் சேர்ந்து கீழே இறக்கியிருந்தது. சாம்பல் நிறத்தில், தேசப்படம் மாதிரி, சீட்டின்மேல் ஒரு பூச்சு. தட்டினால் டக் டக் என்றது. சுரண்டப் போய் துணியும் கிழிந்தது. அன்றைக்கு வர வேண்டிய டவர் ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டு வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்கள்.

முப்பது வருடம் சிமெண்ட்டைத் தலையில் சுமந்தவன் நான். ஒரு சட்டிக் கலவை எவ்வளவு நேரத்தில் இறுகும் என்று கையை வைத்தே சொல்வேன். சாக்கை உதறினால் போதும் என்று நினைக்க உலகத்தில் வேறு யாராலும் முடியாது, என்னால்தான் முடியும்.

"இவரு வேலைக்குப் போன எடத்துல எல்லாம் சுவரு நிக்குதான்னு இப்பதான் எனக்குக் கவலையா இருக்கு," என்றாள் மனைவி. தம்பியைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, காசு மெதுவாக் குடுங்க, வாரம் ஐநூறு போதும். ஆனா நாய் இனிமே என் வண்டியில ஏறாது. மாமாகிட்டச் சொல்லிடு."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் ஊசிக்கு ஏழு நாள். ஆட்டோக்காரர்கள் நால்வரைக் கேட்டேன். ஒருவர் மேஸ்திரியைப் பார்த்ததும் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார், இன்னொருவர் சித்தாளைப் பார்த்ததும் ஆட்டோவையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸில் நடத்துனர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலேயே கையை ஆட்டிவிட்டார். மேஸ்திரியால் தெருமுனை வரைதான் நடக்க முடியும். அதற்கே நாலு இடத்தில் உட்கார்ந்தாள். உட்காரும்போதெல்லாம் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள், அதே பழைய மேற்பார்வை. வேலை நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது.

நான்காம் நாள் சீட்டுத் தையல் கடைக்குப் போனேன். மச்சினனின் சீட்டைப் பிரித்துப் போட்டிருந்தாள் அந்தக் கடைக்கார அம்மா. வாயில் ஊசி, காதுக்குப் பின்னால் சாக்பீஸ், காலடியில் பஞ்சுத் துண்டுகள்.

"நீதானா அந்த சிமெண்ட்டு ஆளு? ஒரு தடவ நல்லாப் பாத்துக்கறேன், இரு," என்று தலை தூக்கிப் பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷத்துல சீட்டுல இருந்து நான் எடுக்காதது இல்ல. காசு, சாவி, பல் செட்டு கூட எடுத்திருக்கேன். உளியால சீட்டு பிரிச்சது இதான் மொதத் தடவ."

"அம்மா, கேலி பண்ணுங்க, பண்ணிக்கிட்டே ஒரு வழி சொல்லுங்க. நாய் ஏறணும், சீட்டும் நிக்கணும்."

ஊசியை எடுத்து வைத்துவிட்டு யோசித்தாள். "நீ சீட்டுக்குச் சட்டை தைக்கப் பாத்தே. நாய்க்குச் சீட்டே வேணாம்ப்பா. அது உட்காந்து வேடிக்கை பாக்க வந்த ஆளா? நாலு காலுக்கும் தரை வேணும். வழுக்காத தரை. அது இல்லன்னா நகத்தாலதான் புடிக்கும்."

தரை. அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. தரை போடத்தானே எனக்குத் தெரியும்.

அவளிடமே ரப்பர் பூசிய கித்தான் இரண்டரை மீட்டர் வாங்கினேன். வேலையிடத்து மேஸ்திரியிடம், அதாவது மனித மேஸ்திரியிடம், தளம் வார்க்க அடியில் கொடுக்கும் சென்ட்ரிங் பலகைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, சீட்டில் இரண்டு பேர் இடத்துக்கு அளவாக அறுத்தேன். மூன்றாவது இடம் என் மனைவி உட்கார. பலகைக்கு முன்பக்கம் இரண்டு கட்டைக்கால், கால் வைக்கும் பள்ளத்தில் ஊன்றி நிற்க. இனி யாரும் பள்ளத்தில் விழ முடியாது. பலகையின் அடியில் பழைய பருத்தி மெத்தை விரிப்பைச் சுற்றி ஆணியடித்தேன், சீட்டில் கீறல் விழாமல் இருக்க. மேலே கித்தானைத் தொட்டி போல நாலு பக்கமும் தூக்கி, முன்சீட்டுத் தலையணைக் கம்பியிலும் பின்சீட்டுத் தலையணைக் கம்பியிலும் வார் போட்டுக் கட்டுகிற மாதிரி செய்தேன். கதவுப் பக்கம் ஒரு மடிப்பு அதிகம் விட்டேன், சித்தாள் ஜன்னலில் கால் வைப்பான். சீட் பெல்ட்டுக் கொக்கி மேலே வரப் பலகையில் ஓர் ஓட்டை, கித்தானில் ஒரு கீறல், அதற்குக் கழுத்து வைத்துத் தைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே நாய் நகம் பிடிக்கக் கரடுமுரடான கம்பளி. எடுத்து உதறலாம், துவைக்கலாம்.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. தைத்தது நான், என் தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தது என் மனைவி.

ஒன்பதாம் நாள் காலை. தலையில் பலகை, தோளில் கித்தான் சுருட்டு, கையில் இரண்டு குடம். தெருமுனையில் இருக்கும் மச்சினன் வீட்டு வாசலில் போய் நின்றேன், பின்னால் மனைவியும் இரண்டு நாய்களும். புதுச் சீட்டு முந்தின நாள்தான் வந்திருந்தது. பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் பிரிக்கவில்லை.

"குடம் எதுக்கு மாமா?"

"தளம் போட்டா தண்ணி கட்டிப் பாக்கணும் மாப்ள. ஒழுகுதா இல்லையான்னு. மொட்டை மாடிக்கு ஒரு நாள் முழுக்கக் கட்டுவோம். இதுக்கு ஒரு மணி நேரம் போதும்."

"எங்க கட்டப் போறீங்க?"

"உன் சீட்டு மேல."

அவன் கதவில் சாய்ந்துகொண்டான். அக்காவைப் பார்த்தான். அவள் சித்தாளைக் கழுத்தில் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

"ஒழுகிச்சுன்னா?"

"கடன் ரெண்டு மடங்கு. நாயையும் இனிமே கேக்க மாட்டேன்."

"அது செத்துப் போயிடுமே மாமா."

"ஆமா," என்றேன்.

அவன் உள்ளே போய், வெகு நேரம் கழித்து வந்து, பிளாஸ்டிக் உறையைப் பிரித்தான். சீட்டின்மேல் பழைய செய்தித்தாளைப் பரப்பினேன், ஒரு சொட்டு இறங்கினாலும் காட்டிக்கொடுக்கும். அதன்மேல் பலகை, கித்தான். வாரை இழுத்துக் கட்டினேன். இரண்டு குடம் தண்ணீரையும் ஊற்றினேன். கித்தான் வயிறு போல இறங்கி நின்றது. திறந்த கதவு வழியாக அதில் வானம் தெரிந்தது.

மூன்று பேரும் வாசல்படியில் உட்கார்ந்தோம். மச்சினன் டீ கொண்டு வந்தான். மேஸ்திரி அவன் செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்தாள். காலை உருவிக்கொள்வான் என்று பார்த்தேன். உருவவில்லை. அவள் கட்டியில் ஈ உட்கார்ந்தபோது செய்தித்தாளின் மிச்சத்தை மடித்து விசிறினான்.

"சாப்பிடறாளா?"

"ராத்திரி கொஞ்சம். கையில வச்சுக் குடுத்தாத்தான்," என்றாள் அவன் அக்கா.

"உனக்கும் அப்படித்தான் ஊட்டினேன்டா, காய்ச்சல்ல," என்று சேர்த்துக்கொண்டாள். அவன், "ஆரம்பிச்சிட்டியா," என்றான்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் கடிகாரத்தை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். மாடி ஒழுகினால் தார் அடிக்கலாம். இது ஒழுகினால் என்ன அடிப்பது? பத்தாம் நாள் நாளைக்கு.

நேரம் முடிந்தது. குவளையால் தண்ணீரை மொண்டு இறைத்தேன். கித்தானைக் கழற்றி, பலகையைத் தூக்கினேன். செய்தித்தாள் காய்ந்து கிடந்தது. மூச்சு விடப் போனேன். அப்போதுதான் தெரிந்தது. பெல்ட்டுக் கீறலுக்கு நேர் கீழே, ஒரு நாணயம் அளவுக்கு, ஈரம்.

மச்சினனும் பார்த்துவிட்டான். எங்கள் இரண்டு பேர் தலையும் வண்டிக்குள்தான் இருந்தன. அக்காவுக்குத் தெரியவில்லை. ஒழுகிச்சு மாப்ள என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

அவன் கட்டை விரலை அந்த ஈரத்தின்மேல் வைத்தான். பிறகு பேப்பரை அப்படியே சுருட்டி எடுத்தான்.

"என்னடா?" என்றாள் அவன் அக்கா வெளியிலிருந்து.

"மாமாவோட வேர்வைக்கா. சொட்டு சொட்டா ஊத்தறாரு மனுஷன்." என்னைப் பார்க்காமல் சொன்னான். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும், "அந்தக் கழுத்துல இன்னொரு தையல் போட்டுடுங்க," என்றான்.

அங்கேயே, வாசலிலேயே, இரட்டைத் தையல் போட்டேன். அவசரத்தில் ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. அன்று காலையே மூன்றாம் ஊசி போட்டாயிற்று. மேஸ்திரி கம்பளியில் நாலு காலையும் ஊன்றி நின்றாள், இரண்டு திருப்பம் பார்த்தாள், படுத்தாள். திரும்பும்போது வாந்தி எடுத்தாள். மச்சினன் கண்ணாடியில் பார்த்தான். "நிறுத்தவா அக்கா, கொஞ்சம் காத்து வாங்கட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

நான்காவது, ஐந்தாவது ஊசியும் போயின. முன்பக்கத்து முடி கொட்டி, அவள் ஒரு மாதிரி பிச்சைக்காரி போல ஆனாள். ஆனால் கட்டி சுருங்கி நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. பலகையைக் கழற்ற ஒவ்வொரு முறையும் போவேன், "அப்புறம் எடுத்துக்கலாம் மாமா, அவசரமா?" என்பான். சனிக்கிழமைதோறும் ஐநூறு கொடுத்தேன். வாங்கி எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஆறாவது ஊசி போட்டு, டாக்டர் தடவிப் பார்த்து, "போதும், கூட்டிட்டுப் போங்க. மாசம் ஒரு தடவ காட்டினா சரி," என்றார். நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மச்சினன்தான் மேஸ்திரியைத் தூக்கி வண்டியில் வைத்தான். புதிதாகத் தேய்த்த சட்டை, முழுக்க முடி.

வண்டியைக் கிளப்பாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இந்தப் பலகை கித்தான் எல்லாத்துக்கும் சேத்து என்ன வெல?"

"எதுக்கு?"

"டவர்காரங்க பொட்டி எல்லாம் இப்ப இது மேலதான் போவுது. முன்னாடி மடியில வச்சுக்கிட்டு திட்டிக்கிட்டே வருவாங்க, பள்ளத்துல விழுந்து ஒண்ணு ஒடஞ்சிருக்கு. இப்ப ஆடறதில்ல, அசையறதில்ல. மாச ஒப்பந்தம் போடறேன்னுட்டாங்க. பலகை எனக்கு வேணும். மேஸ்திரி வர்ற அன்னைக்கு மேஸ்திரிக்கு, மத்த நாள் பொட்டிக்கு."

"பலகை ஓசி. கித்தானுக்கு ஆயிரத்து எண்ணூறு ஆச்சு," என்றேன்.

"கூலி?"

"என்ன கூலி? ரெண்டு நாளு."

"எட்டாயிரம் வச்சுக்கலாம்."

"அநியாயம் மாப்ள! நாலாயிரத்துக்கு மேல ஒரு காசு வாங்க மாட்டேன்."

"ஏழே முக்கால். கடைசி."

"நாலாயிரத்து எரநூறு. அதுவே கொள்ளை."

"விக்கிறவரு மாதிரி பேசுங்க மாமா! நான் வாங்கறவன், நான்தான் ஏத்திக்கிட்டே போறேன்!"

ஆஸ்பத்திரி காவலாளி ஜன்னலில் குனிந்து, "என்னய்யா சண்டை, வழிய விடுங்க," என்றார். பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. அவள் மடியில் சித்தாளின் தலை, தோளில் மேஸ்திரியின் மூக்கு.

"இன்னும் பாக்கி எவ்ளோ?"

"நாலு வாரம் குடுத்திருக்கேன். ஏழாயிரத்து முன்னூத்தம்பது."

"அதான் வெல. ரெண்டு பேரும் வாய மூடுங்க. டேய், வண்டிய எடு. பசிக்குது."

மச்சினன் வண்டியை எடுத்தான். நான் நோட்டைத் தொடைமேல் வைத்து, வண்டி குலுங்கக் குலுங்க, அவன் பெயரில் இருந்த பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்தேன். கோடு வளைந்துதான் போயிற்று. கீழே 'தீர்ந்தது' என்று எழுதி, சிக்னலில் நின்றபோது அவனிடம் நீட்டினேன். ஸ்டியரிங்கின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.